ஆணி மரத்தில் இரண்டு கோடு

அழகேசனுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, வெற்றிலைகூடக் கிடையாது. இருந்த ஒரே பித்து சங்கிலி ரம்பம்.

ரெட்டிபாளையத்துச் சிமெண்டு ஆலை சுண்ணாம்புக்கல் தோண்ட நிலத்தைத் திருத்திய காலத்தில், மரம் அறுக்க வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின்கள் அவை. பெட்ரோலில் ஓடும். நீண்ட அலகைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி பறக்கும். தேய்ந்து, இனி உதவாது என்று கழிக்கப்பட்டு அவை ஏலத்துக்கு வந்தபோது பழைய இரும்புக்காரன்கூட முகத்தைச் சுளித்தான். ஆலையில் ஃபிட்டராக இருந்த அழகேசன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவனைப் பார்த்து எலக்ட்ரீஷியன் வேணுகோபாலும் ஒன்றை எடுத்தான்.

அழகேசனுடையது ஜெர்மன்காரன் செய்தது. வேணுகோபாலுடையது சுவீடன்காரன் செய்தது. எது உசத்தி என்பதுதான் இரண்டு வருஷமாக அவர்களுக்குள் பேச்சு. மொபெட் பிளக்கை மாட்டிப் பார்த்தார்கள், செருப்பு ரப்பரில் வாஷர் வெட்டினார்கள், உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரே கட்டையில் இரண்டு கோடு போட்டு இருவரும் ஒன்றாக அறுப்பார்கள். எவன் கோடு முதலில் துண்டாகிறதோ அவன் மெஷின் ஜெயித்தது. எப்போதும் சுவீடன்காரனே ஜெயித்தான்.

"என்னா அழகேசா, ஒன் ஜெர்மன்காரன் சண்டையிலயும் தோத்தான், கட்டையிலயும் தோத்துட்டானா?" என்று ஷிப்டு மாறும்போது ஆட்கள் கேட்பார்கள். அங்கே அவன் சிரித்துக்கொள்வான். வீட்டுக்கு வந்தால் மனைவி அம்சவள்ளியைக் கூப்பிடுவான்.

"சங்கிலிய மண்ணெண்ணெயில ஒழுங்கா கழுவுனியாடி? சோறு திங்கிற கைதானே அது?"

மெஷின் துடைக்க அவன் கிழித்து வைத்திருந்தது அவளுடைய கூறைப்புடவை. வீட்டில் வேறு துணி இல்லாமல் இல்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. அழகேசனின் அம்மா வெளிப்படையாகவே இன்னொரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா தள்ளி வச்சா ஊரு பேசும். ஒரு காரணம் கெடைக்கட்டும்" என்று அடுப்படியில் அம்சவள்ளி இருக்கும்போதே மகனிடம் சொன்னாள். அப்படி ஒரு காரணம் இருப்பது அம்சவள்ளிக்கும் அவளைப் பெற்றவளுக்கும் மட்டும் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசிக் காற்றில் அவளுடைய ஊரான குரும்பலூருக்கு வெளியே நின்ற புளியமரம் வேரோடு சாய்ந்து வண்டிப்பாதையை மறித்துக்கொண்டது. யாரும் கோடாலி எடுக்கவில்லை. அது ஆணி மரம். பேய் பிடித்த பெண்களைக் கொண்டுபோய் அந்த மரத்தில் சாய்த்து நிறுத்தி, உச்சி முடியில் ஒரு கற்றையை ஆணியில் சுற்றி மரத்தில் அடித்துவிட்டு, முடியை அறுத்து அவளை விடுவிப்பார்கள். பேய் ஆணியோடு நின்றுவிடும். மரத்தை வெட்டினால் எல்லாம் அவிழ்ந்து வந்துவிடாதா?

சேதி அழகேசன் காதுக்கு எட்டியது. அவனுக்குப் பேய் பயம் கிடையாது. புளி வைரம் பாய்ந்த மரம். வேப்பங்கட்டையில் தோற்ற ஜெர்மன்காரன் அதில் ஜெயிப்பான் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. பஞ்சாயத்து மெம்பர் கருப்பண்ணனுக்குச் சொல்லி அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மெஷின்களோடு அவனும், வேணுகோபாலும், அம்சவள்ளியும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

ஊரே திரண்டிருந்தது. முதல் வேலையாக ஆணி பிடுங்கினார்கள். சங்கிலி ஆணியில் பட்டால் பல் போகும், சில சமயம் சங்கிலியே அறுந்து ஆளை அடிக்கும் என்று வேணுகோபால் எல்லாரிடமும் சொன்னான். பட்டையைத் தடவித் தடவி, கடப்பாரையால் நெம்பி, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். துருவோடு முடியும் வந்தது.

"அது காத்தாயி மருமவளோடது. அப்பவே முடி செம்பட்ட" என்றாள் மருதாயிக் கிழவி.

"இது?"

"அது ஒங்கக்காவோடதுடா, மூதேவி. கீழ போடு."

சிரிப்பு. அழகேசனும் சிரித்தான். ஒரு ஆணியைத் தூக்கிக் காட்டி, "ஏ அம்சவள்ளி, இதுல ஒன்னுது எதுடி?" என்றான். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அவள் அம்மா கொளஞ்சியம்மாள் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள்.

அம்சவள்ளியின் ஆணி வெளியே தெரியவில்லை. பட்டை மூடிவிட்டிருந்தது.

பதினேழு வயதில், அப்பா செத்த பிறகு, அவளுக்குப் பேச்சு நின்றுபோனது. சாப்பிடுவாள், வேலை செய்வாள், பேசமாட்டாள். அவ்வளவுதான். ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் ஆகாது என்று கொளஞ்சியம்மாள் வெளியூர்ப் பூசாரி ஒருவனை வரவழைத்து, ஊர் எழுந்திருக்குமுன் அவளை இந்த மரத்துக்கு இழுத்து வந்தாள். வேப்பங்குழையால் அடித்தார்கள். மரத்தில் முதுகு ஒட்ட நிறுத்தினார்கள். தலைக்குமேல் சுத்தியல் விழுந்தபோது அவள் "அம்மா" என்று கத்தினாள். பேச்சு வந்துவிட்டது என்று பூசாரி சொன்னான். கற்றையைப் பன்னரிவாளால் அறுத்த இடத்தில் இன்றைக்கும் முடி சரியாக வளரவில்லை. அந்த இடத்தை மறைத்துத்தான் அவள் தலை வாருவாள். பெண் பார்க்க வந்தபோது அழகேசனின் அம்மா கேட்டாள், "காத்து கருப்பு எதுவும் பட்டதில்லையே?" கொளஞ்சியம்மாள் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள்.

மரம் நுனியில்தான் உயரும். அடிமரத்தில் அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே நிற்கும். அவளும் அதற்குப் பிறகு உயரவில்லை. வேர் முண்டிலிருந்து தன் உயரத்தைக் கண்ணால் அளந்தாள். வேணுகோபால் சுண்ணாம்பில் இரண்டு கோடு போட்டிருந்தான், இடையில் இரண்டு முழம் விட்டு. அடிப்பக்கத்துக் கோடு சரியாக அவள் உச்சந்தலை இருக்கும் இடத்தில் விழுந்திருந்தது. அங்கே அழகேசன் மெஷினை வைத்துப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"பேசாம இருடி" என்றாள் கொளஞ்சியம்மாள் மெல்ல. அவளும் அளந்துவிட்டாள்.

"சங்கிலி அறுந்தா?"

"அறுந்தா அறுவட்டும். நீ வாயத் தொறந்தா சாயங்காலமே மூட்டையோட எங்கூட்டு வாசல்ல நிப்ப. அப்பறம் ஒன்ன யாரு வச்சுச் சோறு போடுறது?"

அம்சவள்ளி சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"ஏங்க. அந்த எடத்துல அறுக்காதீங்க."

"ஏன்?"

"உள்ள ஆணி இருக்கு."

"அதான் எல்லாம் புடுங்கியாச்சே. ஒனக்கெப்படித் தெரியும்?"

அவள் கை தானாகத் தலைக்குப் போனது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். சுற்றிலும் ஆள் இருப்பதை லட்சியம் செய்யாமல் ஒரு விரலால் அவள் உச்சி முடியை விலக்கினான். எண்ணெய்க்கறை படிந்த விரல். சொட்டையாய் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டான். கோபம் வரும் என்று அவள் நினைத்தாள். வரவில்லை.

"எவ்வளவு ஆழம்?"

"முழுசா உள்ள போயிடுச்சு. நெட்டு ஆணி."

"சரி, போ."

அவள் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். கோட்டை மாற்றிப் போடுவான் என்று நினைத்தாள். அவன் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தான்.

"டே வேணு, எனக்கு வெயிலு நேரா மூஞ்சியில அடிக்குதுடா. எடம் மாத்திக்கலாமா?"

"இதுக்கென்னடா. வா" என்றான் வேணுகோபால். தன் மெஷினைத் தூக்கி வந்து அடிப்பக்கத்துக் கோட்டில் வைத்தான். "எந்த எடமா இருந்தா என்ன, சுவீடன்காரனுக்கு எல்லாம் ஒண்ணுதான். தங்கச்சி, ஒங்க ஊட்டுக்காரன் இன்னைக்கும் தோத்தா ஒம்மேல எரிஞ்சு வுழப் போறான். நான் கொஞ்சம் மெதுவா அறுக்கட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்சவள்ளி வாயைத் திறந்தாள். கொளஞ்சியம்மாளின் நகம் மணிக்கட்டில் இறங்கியது. இருவரும் மெஷினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார்கள். ஜெர்மன்காரன் இரண்டாவது இழுப்பில் உறுமினான். சுவீடன்காரன் மூன்று நான்கு தரம் இருமிவிட்டுத்தான் பிடித்தான். அந்த நேரம் போதும், ஒரு வார்த்தை சொல்ல. அவள் சொல்லவில்லை. நகத்தால் அல்ல. அழகேசன் தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கருப்பண்ணன் துண்டை வீசினான்.

புளியந்தூள் பறந்தது. வழக்கம்போல சுவீடன்காரன் முந்தினான். பாதி மரம் தாண்டியிருப்பான். கிரீச்சென்று ஒரு சத்தம். பட்டப்பகலிலும் பொறி தெரிந்தது. சங்கிலி அறுந்து பின்னால் சுழன்று வந்தது. வேணுகோபால் கத்தவில்லை. வலது கையைத் தூக்கி ஏதோ புதுப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். இரண்டு விரல்கள் தோலில் தொங்கின.

அழகேசன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குனிந்து தன் கோட்டை அறுத்து முடித்தான். மரம் இரண்டாகி மண்ணில் இறங்கிய பிறகுதான் மெஷினை நிறுத்தினான்.

"பாத்தீங்கல்ல, எது துண்டாச்சுன்னு?"

"மாப்ள, அவுரு கையப் பாருங்க மொதல்ல" என்றான் கருப்பண்ணன்.

"பேயி அவுந்துடுச்சு! நான் அப்பவே சொன்னேன்!" என்று மருதாயி மாரில் அடித்துக்கொண்டாள்.

"பேயாவது, மண்ணாவது. சங்கிலியில போன வாரம் ஒரு கண்ணி மாத்தி இவனே ரிவெட்டு அடிச்சான். அது விட்டுருச்சு. கண்ட கம்பியில ரிவெட்டு அடிக்காதடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றான் அழகேசன்.

வேணுகோபால் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தான். யாரோ துண்டால் கையைக் கட்டினார்கள். அவன் முகம் வெளுத்திருந்தது. "ஆமாண்டா. ரிவெட்டுதான்" என்றான். "என் தப்புதான்." கருப்பண்ணனின் மாட்டு வண்டியில் அவனை ஏற்றிப் பெரம்பலூருக்குக் கொண்டு போனார்கள்.

கூட்டம் வண்டிக்குப் பின்னால் போனதும் அழகேசன் அறுபட்ட பிளவுக்குள் திருப்புளியை விட்டுக் குடைந்தான். ஆணியில் பாதி வந்தது. அதில் ஒட்டியிருந்த முடியைத் துடைத்து எறியவில்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டான்.

ரெட்டிபாளையம் போகும் பஸ்ஸில் இரண்டு மெஷின்களும் காலடியில் கிடந்தன. அவன் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினான்.

"எங்கம்மாட்ட சொன்னா இன்னைக்கே ஒன்ன எறக்கி விட்டுரும்."

அவள் முந்தானையை இழுத்து உச்சியை மூடிக்கொண்டாள்.

"நான் சொல்லப்போறதில்ல. நீ வாயத் தொறக்காத வரைக்கும் நானும் தொறக்க மாட்டேன். வெளங்குதா?"

"ம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆறு வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது. கீரனூர் தாண்டியபோது பசித்தது. பசிக்கிறதே என்று நினைத்ததும் குமட்டியது. ஜன்னல் பக்கம் அவன் உட்கார்ந்திருந்ததால் முந்தானையிலேயே வாந்தி எடுத்தாள்.

"பாத்து. மெஷின்ல படப்போவுது" என்றான் அவன்.

மாசம் திரும்புமுன் வேணுகோபால் வீட்டுக்கு வந்தான். வலது கையில் கட்டு சிறியதாகியிருந்தது; அதற்குள் இருந்த கையும்தான். ஆலையில் அவனை எலக்ட்ரிக்கல் வேலையிலிருந்து எடுத்து வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். அழகேசன் சுவீடன்காரனைப் பிரித்து முற்றத்தில் பரப்பியிருந்தான். கூறைப்புடவைத் துணியில் பிஸ்டன் பளபளத்தது.

"நீயே வச்சுக்கடா. எனக்கு இனிமே கயித்த இழுக்க முடியாது" என்றான் வேணுகோபால். "ஆனா ஒண்ணு கேக்கணும். நானும் ராவும் பகலுமா ரோசன பண்றேன். அந்த ரிவெட்ட நான் நல்லாத்தான் அடிச்சேன். கண்ணு முன்னாடி நிக்குது. சத்தமும் வேற மாதிரி இருந்துச்சு. உள்ள இரும்பு எதுவும் இருந்திருக்குமோ?"

"நீதானேடா தடவித் தடவிப் பாத்த" என்றான் அழகேசன், தலை நிமிராமல்.

"நான் பாத்தேன். வெளிய பாத்தேன்." அவன் அம்சவள்ளி பக்கம் திரும்பினான். "தங்கச்சி, நீ எனக்கு நேரா நின்ன. ஒங்க ஊரு மரம் வேற. நீ சொன்னா நான் நம்புறேன். பொறி ஏதும் பாத்தியா?"

அவள் காப்பியை அவனுடைய வலது கைப்பக்கம் நீட்டிவிட்டு, நினைவு வந்து இடது கைப்பக்கம் மாற்றினாள். அழகேசன் துடைப்பதை நிறுத்தியிருந்தான்.

"இல்லீங்கண்ணே" என்றாள். "ரிவெட்டுதான்."

வேணுகோபால் தலையை ஆட்டினான். டம்ளரை இடது கையால் வாங்கினான். கொஞ்சம் சிந்தியது.

"அப்ப சரி" என்றான். "நம்ம கைதான் நம்மள ஏமாத்திடுச்சு."