ஓம் என்று சொல்ல வந்தவள்

வாகரையில் சனிக்கிழமைதோறும் கூடும் மத்தியஸ்த சபையில் அன்னப்பூரணி பதினொரு வருடமாக இருக்கிறாள். ஒவ்வொரு பிணக்குக்கு முன்னும் தவிசாளர் உதயரூபன் மத்தியஸ்தர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்பார். "இவங்கள்ள ஆராவது உங்களுக்குச் சொந்தமா, வேண்டியவங்களா?" ஓம் என்றால் எழும்பி வேறொருவருக்கு இடம்விட வேண்டும். மச்சான் முறை, ஒரே தாய்வழிக் குடி, சம்பந்தி வீடு என்று மற்றவர்கள் அடிக்கடி எழும்புவார்கள். அன்னப்பூரணி ஒருநாளும் எழும்பியதில்லை. கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய புருஷன் பிள்ளைகளோடு குடிச் சனத்தையும் கொண்டுபோய்விட்டது.

இன்றைக்கு எழும்பப்போகிறாள்.

தனுஷா நாலு வளவு தள்ளி இருக்கிறவள். போன மாரிக்கு அன்னப்பூரணி காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து, நெற்றியில் கைவைத்துப் பார்த்தவள். பிறகு மீன்கறி வந்தது. கூடவே "மாமி" என்ற கூப்பிடுதலும் வந்தது. அவளுக்கும் அவளுடைய பக்கத்து வளவு நல்லரத்தினத்துக்கும் வேலிச் சண்டை; அது இன்றைக்குச் சபைக்கு வருகிறது. தனுஷாவின் கறிக்கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாகாது என்று அன்னப்பூரணி எட்டுப் பயற்றம் உருண்டை போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தாள். வழிநெடுக வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். 'ஓம் சேர், எனக்கு வேண்டிய புள்ள.'

இரண்டு தரப்பும் மத்தியஸ்தராக அவளையே கேட்டன. தவிசாளர் வாய் திறக்க, அவள் பாதி எழும்பிவிட்டாள். நல்லரத்தினம் முந்திக்கொண்டார்.

"அவவுக்கு ஆரு இரிக்கா சேர், பக்கம் சாய?"

"ஓம் சேர்," என்றாள் தனுஷா. "மாமி தனிக்கட்டை. அதாலதான் நானும் அவவக் கேட்டன்."

அவள் குரலில் ஒரு களங்கமும் இல்லை. இனித் தான் மட்டும் சொந்தம் கொண்டாடினால் அந்தப் பிள்ளை திகைத்துப் பார்க்கும். அந்தப் பார்வையை நினைக்கவே அன்னப்பூரணிக்குக் கூசியது. உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க அக்கா. வேண்டியவங்களா?"

"இல்ல."

இருவரையும் பேசவிட்டாள்.

"முருங்கக்காய் ஆய வாறவ என்ட கோழியையும் எண்ணிட்டுப் போறா!"

"உங்கட கோழி என்ட கத்தரியத் திண்டா எண்ணாம?"

மத்தியானத்துக்குள் வேலி பழைய இடத்துக்குப் போவதென்றும், முருங்கை இருவருக்கும் பொது என்றும் கையெழுத்தாயிற்று.

"அது என்ட கோப்பைதானே மாமி? உள்ளுக்கு என்ன?"

நல்லரத்தினமும் திரும்பிப் பார்த்தார். அன்னப்பூரணி மூடியைத் திறந்து, நாலு உருண்டையை அவர் கையில் வைத்தாள். நாலைத் தனுஷாவின் கையில் வைத்தாள்.

"இதிலயும் பாதிப்பாதியா!" என்று அவர் சிரிக்க, தனுஷாவும் சிரித்தாள்.

வெறும் கோப்பையைத் தனுஷாவின் பக்கம் தள்ளினாள்.

"பின்னேரம் கறி கொண்டு வாறன் மாமி."

"வேணாம் புள்ள. மத்தியஸ்தம் பாத்தவ ஒரு பக்கத்துக் கறியத் திங்கப்படாது."

தவிசாளர் அடுத்த பெயர்களைக் கூப்பிட்டார். அன்னப்பூரணி கதிரையை மேசையோடு இழுத்துப்போட்டு, அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள்.