ஆண் இருவாச்சி வரவில்லை

இரண்டு நாளாக இரையோடு ஆண் இருவாச்சிப் பறவை வரவில்லை. பெட்டையோ பொந்துக்குள் தன்னைத்தானே அடைத்துக்கொண்டு கிடக்கிறது. எச்சத்தைக் குழைத்துப் பூசிய சுவரில் அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். சிறகெல்லாம் உதிர்ந்திருக்கும், வெளியே வந்தாலும் பறக்காது. கூட ஒரு குஞ்சு வேறு. நேற்றுவரை கத்திக்கொண்டிருந்தது, இன்று காலையிலிருந்து முனகுகிறது.

ரிசலின் மரத்தின் வேரிலேயே உட்கார்ந்திருந்தாள். இலோய்லோ நகரத்துப் பெண். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அம்மா நர்சிங் கல்லூரி விண்ணப்பத்தை நீட்ட, "ஒரு வருஷம் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, பறவைகளைக் காக்கும் தொண்டுக்கென்று பானாய்த் தீவின் மலைக்காட்டுக்கு ஏறி வந்துவிட்டாள். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். முந்தாநாள் ஓடைக்கரைச் சேற்றில் யாரோ ஒருவனின் செருப்புத் தடத்தைப் பார்த்தாள். குஞ்சு திருடுகிறவனைத் தவிர இந்த மழையில் யார் வரப்போகிறார்கள்? காவல்காரர் கிறிசாந்தோவோ காய்ச்சலில் வீட்டோடு கிடந்தார். அவ்வளவுதான், தூரத்து ஓலை மறைப்பில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் மரத்தடிக்கே குடிவந்துவிட்டாள். சோறு, தூக்கம் எல்லாம் அங்கேதான். கால் முழுக்க அட்டைக்கடி. நகரவில்லை.

உச்சிப்பொழுதில் கிறிசாந்தோ வந்து சேர்ந்தார். முகத்தில் காய்ச்சல் இன்னும் தெளியவில்லை. அவளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கடவுளே! இங்கயா உக்காந்திருக்க? எப்பலேருந்து?"

"ரெண்டு நாளா. ஆண் வரவே இல்லண்ணே. யாரோ சுட்டுட்டாங்க."

"சுட்டாவது கிட்டாவது! நீ வாசல்லயே குந்தியிருந்தா அவன் எப்படி வருவான்? எந்திரி. உன்னைக் கண்டு மிரண்டிருக்கான், ஓடைக்குப் போயிரு. நான் மறைப்புல இருந்து பாத்துக்கறேன்."

ரிசலின் எழுந்திருக்கவில்லை. இந்த மனுஷன் ஒரு காலத்தில் குஞ்சு திருடியவர் என்பது தொண்டர் முகாமில் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. இருந்தாலும் கைப்பழக்கம் அத்தனை லேசில் போய்விடுமா?

"நான் போனா வருவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்." அவர் வேறு எங்கோ பார்த்தார்.

"நான் அந்தப் பக்கம் போனதும் நீங்க ஏறுவீங்களா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கிறிசாந்தோ நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"காய்ச்சலோட மூணு மணி நேரம் மலை ஏறி வந்தவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?" என்றார். "சரி. நானும் வரேன். நான் முன்னால நடக்கறேன், நீ என் முதுகைப் பாத்துக்கிட்டே வா. போதுமா?"

இருவரும் போய்விட்டால் மரத்துக்குக் காவல் யார்? அந்தச் செருப்புக்காரன் எங்கே பதுங்கியிருக்கிறானோ! இருந்தால் குஞ்சு பட்டினியில் சாகும், போனால் திருட்டுப் போகும். அவள் பொந்தையே அண்ணாந்து பார்த்தாள். முனகலும் நின்றுவிட்டது.

எழுந்தாள்.

ஓடைக்கரைப் பாறையில் அரை மணி போயிற்று. ஒரு மணி போயிற்று. ஒவ்வொரு சருகுச் சத்தத்துக்கும் அவள் துள்ளி எழ, அவர் கையைக் காட்டி உட்காரவைத்தார்.

"இன்னும் பத்து நிமிஷம். அப்புறம் நான் போயிருவேன்."

"போனீன்னா அது செத்துரும், புள்ள. சும்மா உக்காரு."

பாயை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தலைக்குமேல் பெரிய நிழல் ஒன்று மரத்தை நோக்கிப் போயிற்று. ரிசலின் பைனாகுலரைத் தூக்கினாள். ஆண்தான்! மரத்தில் ஒட்டிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழத்தைக் கக்கி நீட்டியது. கீறலுக்குள்ளிருந்து ஓர் அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. இன்னொன்று. இன்னொன்று. பதினொன்றுவரை எண்ணினாள். அதற்குமேல் அழுகையில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே குஞ்சு கத்துவது மட்டும் கேட்டது.

"மன்னிச்சிருங்கண்ணே. வாய்க்கு வந்ததைக் கேட்டுட்டேன்."

கிறிசாந்தோ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கேட்டதுல தப்பில்ல. அன்னிக்கும் இதே பொந்துதான். குஞ்சை எடுத்து வித்துட்டேன், தாயைக் குழம்பு வச்சுட்டேன். மறுநாள் இந்தப் பக்கம் வந்தா, அந்த ஆண் வாய் நிறையப் பழத்தோட சுத்திக்கிட்டிருக்கான். நான் அடியில நின்னா கிட்ட வரல. இந்தப் பாறைக்கு வந்ததும் போய் ஒட்டிக்கிட்டான். ஒண்ணொண்ணா உள்ள போட்டான். வாங்கிக்க ஆளில்ல, போட்டுக்கிட்டே இருந்தான்."

அவர் கையைப் பிடிக்கப்போன ரிசலின் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவளுக்கு அவர்மேல் அருவருப்பாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"எத்தனை நாள்?"

"பதினஞ்சு நாள் வந்தான்," என்றார். "நானும் பதினஞ்சு நாளும் வந்து இங்க உக்காந்தேன்."