வெள்ளை தடவிய மாம்பழம்

ழானெத்துக்கு வாய் முந்தும், புத்தி பின்னால்தான் வரும். இது ஊருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? மாங்கனித் திருவிழா அன்று காலை எட்டு மணிக்கு அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், பிச்சாண்டவர் கோலத்தில் சிவன் வீதியுலா புறப்படுவதற்குள் காரைக்கால் முழுக்கச் சுற்றிவிட்டது.

"இன்னைக்கு யாரும் மாம்பழத்தைப் புடிக்காதீங்க! எங்க வீட்டு மாடியில ஸ்ட்ரைக் பொம்பளைங்க கையில உறை மாட்டிக்கிட்டு, பழத்துல வெள்ளையா என்னமோ தடவுறாங்க. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். மாதா மேல ஆணை!"

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வளைகுடாச் சண்டை ஓய்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்ததும், ஊருக்கு வெளியே இருந்த இறால் கம்பெனி, தேங்கிக் கிடந்த சரக்கையெல்லாம் ஒரே மூச்சில் அனுப்பப் பார்த்தது. பெண்களைப் பன்னிரண்டு மணி நேரம் ஐஸில் நின்று இறால் உரிக்க வைத்தது. முடியாது என்று நாற்பது பேர் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவள் உமாமகேஸ்வரி, ழானெத் வீட்டு மாடியில் குடியிருப்பவள்.

அவ்வளவுதான். தீவிரவாதிகள் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்று கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிட்டார்கள். சண்டை முடிந்த நாடெல்லாம் இப்படித்தான் பற்றி எரிகிறது என்று டிவியும் தன் பங்குக்கு அலறியது. ழானெத்தோ பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரின் விதவை, பென்ஷனில் தனியாக இருப்பவள். பாரீஸிலிருந்து தங்கை லோரான்ஸ் தினமும் போன் போட்டு, "இங்க குப்பைத்தொட்டியெல்லாம் கொளுத்துறானுங்க அக்கா, நீ வீட்டுல யாரைக் குடி வச்சிருக்கே?" என்று பயமுறுத்திக்கொண்டிருந்தாள்.

உமாவின் நிலைமை அதைவிட மோசம். திருவிழாவைத் தவிர வேறெதற்கும் ஐந்து பேர் கூடக் கூடாதென்று தடை. டீக்கடையில் அவர்களுக்கு டீ கிடையாது. நோட்டீஸ் நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறார்கள். மறுநாள் விடிந்தால் எதிர்வீட்டு கார்த்திகேசனின் வேன் வெளியூர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போகும். அவர்கள் உள்ளே போய்விட்டால் இந்த நாற்பது பேரின் வேலையும் போச்சு. ஊர் கூட நின்றால்தான் அந்த வேன் நிற்கும். மிச்சம் இருப்பது இந்த ஒரு பகல்தான்.

நாதஸ்வரம் கேட்டது. வீதியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு, ஆண்கள் துண்டை ஏந்திக்கொண்டு, அண்ணாந்து நின்றார்கள். வீட்டுக்கு வீடு மாடியிலிருந்து மாம்பழம் பறந்தது. ழானெத் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனாலும் மாம்பழ விஷயத்தில் அவள் மதம் பார்த்ததில்லை, வருஷா வருஷம் ஒரு கூடை வீசுவாள். இந்த வருஷம் ஜன்னலோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

சாமி நாலு வீடு தள்ளி வரும்போது, மேலே மொட்டை மாடியிலிருந்து உமா முதல் பழத்தை வீசினாள்.

"அய்யய்யோ, விஷம்! ஒதுங்குங்க!" என்று கீழே யாரோ அலறினார்கள்.

கூட்டம் சிதறியது. பழம் தார்ரோட்டில் பொத்தென்று விழுந்து கிடந்தது. குனிந்து எடுக்க ஒரு நாதியில்லை. திருவிழா அன்று காரைக்காலில் மாம்பழம் அனாதையாகக் கிடந்ததை யாராவது பார்த்திருக்கிறார்களா? ழானெத்துக்கே என்னமோ போல் ஆகிவிட்டது.

வீதியில் காவலுக்கு நின்ற இன்ஸ்பெக்டர் தடதடவென்று மாடியேறினார். பின்னாலேயே ழானெத்தும் மூச்சிரைக்க ஓடினாள்.

"கையுறையைக் கழட்டும்மா."

உமா கழற்றினாள். விரல்கள் ஊறி, வெளிறி, தோல் வெடித்திருந்தன. இரண்டு விரலில் நகமே இல்லை. இன்ஸ்பெக்டர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"பழத்துல என்ன தடவுனீங்க?"

"மைதா பசை சார், நோட்டீஸ் ஒட்டுறதுக்கு. கையில குடுத்தா வாங்க மாட்டேங்குறாங்க. மாம்பழத்தை வேண்டாம்பாங்களா? பசை பட்டா கை எரியுது, அதான் உறை."

"மாவு ஏது?"

உமா ழானெத்தைக் காட்டினாள். "நேத்து இவங்கதான் சார் குடுத்தாங்க. கேக்குக்கு வச்சிருந்த மாவு."

அடிப்பாவி மகளே! ஆமாம், அரைக்கிலோ மாவை அளந்து கொடுத்தது இதே கைதான். அவமானத்தில் ழானெத்துக்குக் காது சூடாகியது. கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து ஒட்டியிருந்ததைப் படித்தாள். 'எட்டு மணி நேரத்துக்கு மேல் ஐஸில் நிற்க மாட்டோம். எங்கள் விரல்கள் எங்களுக்கு வேண்டும்.'

சாமி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. தாண்டிவிட்டால் போச்சு! ழானெத் கைப்பிடிச் சுவரோரம் ஓடிப்போய் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏ ஜனங்களே! காலையில வாய்ஸ் போட்டவ நான்தான்! நான் ஒரு கூறுகெட்டவ! இது பசை, எங்க வீட்டு மாவு! இந்தா பாருங்க!"

பழத்தைத் தோலும் பசையும் காகிதமுமாகக் கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது.

"முழுங்குங்க, அப்புறம் பார்க்கலாம்!" என்று கீழிருந்து ஒரு குரல்.

விழுங்கினாள். ஆவென்று வாயைத் திறந்து தெருவுக்கே காட்டினாள். கொல்லென்று சிரிப்பு எழுந்தது. பூக்காரி சொர்ணாம்பாள் முதல் ஆளாக முந்தானையை விரித்தாள்.

"எனக்கு ஒண்ணு போடுங்க ழானெத்தம்மா! செத்தா சேர்ந்து சாவோம்!"

போட்டாள் பாருங்கள்! பிறகு கேட்க வேண்டுமா? எனக்கு எனக்கு என்று நூறு கைகள். மாடியில் இருந்த பெண்கள் எல்லாரும் இரண்டு கையாலும் வாரி வாரி வீசினார்கள். பிடித்தவர்கள் கடிப்பதற்கு முன்னால் படித்தார்கள், பக்கத்து ஆளுக்கும் படித்துக் காட்டினார்கள்.

"வதந்தி பரப்புனதுக்கு நீங்க ஸ்டேஷனுக்கு வரணும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வரேன் தம்பி, ஓடியா போகப்போறேன்? சாமி தாண்டட்டும்."

கீழே வேன்கார கார்த்திகேசன் கையில் ஒரு பழத்தோடு நின்றான். காகிதத்தைப் படித்தான். அண்ணாந்து உமாவின் கைகளைப் பார்த்தான். அவள் கையுறையை மறுபடி மாட்டவே இல்லை.

"உமாக்கா! நாளைக்கு நம்ம வண்டி நகராது! நாலு டயரும் பஞ்சர்னு சொல்லிடுறேன்!"

"பொய் எதுக்குடா? மனசு வரலைன்னு சொல்லு!" என்று சொர்ணாம்பாள் அதட்டினாள்.

"சரி, மனசு வரலைன்னே சொல்றேன்!"

வீதியே கை தட்டியது. உமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ழானெத்துக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நீட்டியவள் அந்த விரல்களைப் பார்த்துத் தயங்கினாள். உமாதான் எட்டி இறுகப் பிடித்தாள்.

"மாம்பழச் சாறு பட்டு எரியலையாடி?"

"எரியுதுங்க" என்றாள் உமா. "அந்தக் கூடையையும் இப்படித் தள்ளுங்க."