இரண்டு மாசத்துக்கு மட்டும்

"இன்னொரு தடவ சொல்லு. அவர என்னன்னு கூப்பிடுவ?"

"ஐயான்னு."

"என்னைய?"

"அம்மான்னு."

"வாய் தவறி எதையாவது உளறிடாத."

"தவறாது பாட்டி" என்ற பொடிசு சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தவறாதுங்கம்மா."

மேலும் சொல்லிக்கொடுக்கப் பாட்டிக்கு நேரமில்லை. தோட்டத்துப் பாதையில் மகனுடைய கார் ஹாரன் கேட்டுவிட்டது. பொடிசின் பாயையும் துணிப் பையையும் தவிட்டு மூட்டைகள் கிடக்கிற தீவன அறைக்குள் அவசரமாகத் தள்ளினாள்.

பொடிசு இந்த வீட்டு மகள் பெற்ற பிள்ளை. தண்ணி மோட்டாரைப் பழுது பார்க்க வந்தவனைக் கட்டிக்கொண்டு போனாள் அந்த மகள். அவனுடைய ஆட்கள் இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாதவர்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே லாரியில் அடிபட்டுப் போன பிறகு, நாலு வயதில் பொடிசு இங்கே வந்து சேர்ந்தாள். இப்போது பத்து வயது. வருஷத்தில் பத்து மாசம் அவள்தான் வீட்டுக்கு ராணி. தாத்தா கையால் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுவாள். அவள் கூட வராமல் தாத்தா பால் கறக்கப் போகமாட்டார்.

கோடை விடுமுறை வந்தால் மட்டும் கதை வேறு.

"எங்க அத்தை இன்னாரோட போயிட்டாங்கன்னு என் பிள்ளைங்க ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியணுமா?" என்று மூன்று வருஷத்துக்கு முன்பு கேட்டான், பொடிசு வந்ததிலிருந்து இந்தப் பக்கமே வராதிருந்த மகன். "அவ இருக்கட்டும். வேலைக்கு வெச்ச பொண்ணா இருக்கட்டும். இல்லன்னா நாங்க வரல."

பேரன் முகத்தைப் பார்க்காமல் தாத்தாவால் இருக்க முடியாது. சரி என்று தலையாட்டிவிட்டார். பிள்ளையிடம் சொல்லும் பொறுப்பு மட்டும் பாட்டி தலையில் விழுந்தது. இது ஒரு விளையாட்டு, தாத்தான்னு சொன்னா நீ அவுட்டு என்றாள். முதல் வருஷம் பொடிசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த வருஷம் சிரிக்கவில்லை.

கார் வந்தது. பேரன் இறங்கிய கையோடு செருப்பைக் கழற்றி, "ஏய், சேறு ஒட்டியிருக்கு, கழுவு" என்று நீட்டினான். பொடிசு வாங்கிக்கொண்டு போனாள்.

சின்னப் பேத்திக்கு மட்டும் அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. கோழி முட்டை பொறுக்க, கன்றுக்குட்டிக்குப் புல் போட எல்லாவற்றுக்கும் அவள் பின்னாலேயே ஓடினாள். ஒரு நாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, பரிமாறிக்கொண்டிருந்த பொடிசைக் கை காட்டி, "தாத்தா, இவளுக்கு அப்படியே உங்க மூக்கு!" என்றாள்.

மருமகளுக்குப் புரையேறியது. மகன் தட்டைப் பார்த்தான்.

"உனக்கு இங்க என்ன வேல? போ, போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றார் தாத்தா, பொடிசைப் பார்க்காமல்.

கிளம்புகிற நாள் காலையில்தான் அது நடந்தது. கன்றின் மேல் ஏறிச் சவாரி போக ஆசைப்பட்டு, பேரன் கொட்டகைக் கதவைத் திறந்து போட்டான். இரண்டு பசுக்களும் கத்தரிப் பாத்திக்குள் புகுந்து, பறிக்க நின்ற செடிகளை மிதித்துத் துவம்சம் செய்துவிட்டன.

"அவதான் திறந்தா" என்றான் பேரன்.

கதவுக்குத் தாழ்ப்பாளோடு கயிற்றையும் இழுத்துக் கட்டாமல் பொடிசு ஒரு நாளும் வந்ததில்லை. அது தாத்தாவுக்குத் தெரியும். பேரனின் கால்சட்டையில் மாட்டு ரோமம் ஒட்டியிருந்ததையும் பார்த்தார். பிறகு மகன் முகத்தைப் பார்த்தார். வாயில்லா மாட்டைக்கூட அடிக்காத மனுஷன், பொடிசின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

பொடிசு வாயைத் திறந்தாள். "தா..."

பாட்டிக்கு உயிரே போய்விட்டது.

"...நான் இல்லீங்க ஐயா."

அப்பாடா என்று பாட்டி மூச்சு விட்டாள். பிள்ளை அடி வாங்கி நிற்கிறாள், இவளுக்கு வந்தது நிம்மதி! அந்தப் பெருமூச்சு பொடிசின் காதில் விழுந்தது. திரும்பிப் பாட்டியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மாடுகளை ஓட்டப் போய்விட்டாள்.

மத்தியானம் கார் கிளம்பியது. எல்லாம் தெரிந்த மருமகள், தன் மகளுக்குத் தொளதொளவென்று இருந்த கவுன் ஒன்றைப் பொடிசின் கையில் திணித்து, "நல்ல பொண்ணு. விட்டுராதீங்க அத்த" என்றாள்.

பாதையில் புழுதி அடங்கும் முன்பே தாத்தா கையை நீட்டினார். "பொடிசு, இங்க வாடா கண்ணு. வலிக்குதா? காட்டு பாப்போம்."

அவள் கீழ்ப்படியிலேயே நின்றாள். "சொல்லுங்க ஐயா."

தாத்தா சிரித்தார். "அவங்க போயாச்சுடா. விளையாட்டு முடிஞ்சு போச்சு."

"சரிங்க ஐயா."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பாட்டி ஓடிப்போய் மூன்று தட்டுகளை வரிசையாகப் போட்டாள். தீவன அறையிலிருந்த பாயையும் பையையும் தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்தாள். "வாடி என் தங்கம், பாட்டி பக்கத்துல உக்காரு. பாட்டி செஞ்சது தப்புதாண்டி."

பொடிசு தன் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"நீங்க சாப்பிடுங்கம்மா. நான் அப்புறமா சாப்பிட்டுக்கறேன். தொட்டியில தண்ணி இல்ல."

தீவன அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அடுத்த கோடைக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை பாட்டிக்கு இருக்காது.