பத்தாவது துண்டு

கண்ணாடி இழையை ஒட்டும் ரோபோவுக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. எல்லாவற்றையும் தயார் செய்து கையில் கொடுத்தால்தான் வேலை பார்க்கும். ஆனால் பார்க்கிற வேலையில் குறை சொல்ல முடியாது. முடி கனமுள்ள இழையைப் பிடித்து, சிப்புக்கு முன்னால் அப்படியும் இப்படியும் நகர்த்தி, வெளிச்சம் எந்த இடத்தில் அதிகமாக உள்ளே போகிறதோ அங்கே நிறுத்தும். ஒரு சொட்டுப் பசை வைக்கும். ஊதா விளக்கைக் காட்டி இறுக வைக்கும். அவ்வளவுதான்.

கையில் கொடுக்கும் வேலை என்னுடையது. இழையின் மேலுறையை உரித்து, துடைத்து, நுனியை வெட்டி, மாப்பிள்ளையின் பிடியில் படுக்க வைக்க வேண்டும். பதினோரு வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. இப்போது கண்ணை மூடினால் இழை கையில் இருக்கிறதா என்றே தெரியாது. புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து நோயைக் கொண்டுபோனது, விரல் நுனிகளின் உணர்வையும் சேர்த்துக் கொண்டுபோனது. முடி திரும்ப வந்தது. இது வரவில்லை.

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் விரல் மரத்த விஷயம் எழுதியிருந்த பக்கத்தை நான் ஆபீஸில் கொடுக்கவில்லை. கை மரத்தவர்களை இந்த அறையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெட்டி கட்டும் பக்கம் தள்ளிவிடுவார்கள். வீட்டில், கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கிய நாளிலிருந்து, என் கணவர் என்னை அடுப்படிப் பக்கமே விடுவதில்லை. இந்த நாற்காலியும் போனால் எனக்கென்று ஓர் இடம் கிடையாது. நினைத்தால் பயம் வர வேண்டும். அதுகூட ஒழுங்காக வரவில்லை.

நீண்ட லீவு முடிந்து வருபவர்களுக்குப் பரீட்சை உண்டு. பத்து இழை. சூப்பர்வைசர் என்னைவிடச் சின்னவள், கறார்ப் பேர்வழி. பின்னால் நின்று பார்த்தாள். நான் விரலை நம்பவில்லை. கேமரா திரையை மட்டும் பார்த்துப் பத்தையும் வைத்தேன். மாப்பிள்ளை ஒன்றைக்கூடத் தட்டிக்கழிக்கவில்லை.

"பத்தும் பாஸ். அசத்திட்டீங்கக்கா," என்றவள் படிவத்தை எடுத்தாள். "வெட்டின துண்டுங்களை மட்டும் எண்ணிட்டு கையெழுத்துப் போட்டுடறேன்."

வெட்டிய நுனிகளைப் போடும் டப்பாவில் ஒன்பதுதான் இருந்தது.

கண்ணாடித் துண்டு உடம்பில் ஏறிவிடும் என்பதால், ஒன்று குறைந்தாலும் விட மாட்டார்கள். மேஜையைத் துழாவினோம். தரையில் டார்ச் அடித்தோம். செருப்பைக்கூடத் திருப்பிப் பார்த்தோம்.

"எங்கயாவது குத்திருக்கா?"

"குத்தியிருந்தா ஊரைக் கூட்டியிருக்க மாட்டேனா?" என்றேன்.

அவள் என் வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரலில், கையுறையைத் துளைத்துக்கொண்டு, துண்டு மினுங்கியது. உறைக்குள் ரத்தம் காய்ந்தே போயிருந்தது.

"அட, இப்பதான் குத்திருக்கும் போல," என்றேன்.

அவள் என் கையை லென்ஸுக்கு அடியில் இழுத்து வைத்து, இடுக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அவள் தலை திரையை மறைத்தது. என் கையையும் மறைத்தது.

"வலிச்சா சொல்லுங்க."

மனதுக்குள் மூன்று வரை எண்ணினேன்.

"ஆ... மெதுவா!" என்று முகத்தைச் சுளித்தேன்.

அவள் நிமிர்ந்தாள். இடுக்கியின் நுனியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் தொடவே இல்லக்கா."