ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வண்டிகள்

வாஷிங்டன் மாநிலம் கஞ்சாக் கடைகளுக்கு உரிமம் கொடுத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அதனால் ஊர்களுக்கு நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று ஆராய்ந்து சட்டசபைக்குச் சொல்வது நவோமி ஒகிமோட்டோவின் அலுவலக வேலை. அவள் பெயர் போட்டு வரப்போகிற முதல் அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'பெல்டன் ஊரில் தலைக்கு விற்பனை மாநிலச் சராசரியைப்போல் ஒன்பது மடங்கு. வாங்குவோர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களே.'

அந்த வரியை நாளைக் காலை கையில் வைத்துக்கொண்டுதான் பெல்டனின் ஒரே கடையை மூடுவதா என்று மாவட்டக் குழு ஓட்டுப் போடப்போகிறது. அறிக்கை அச்சுக்குப் போக இன்று மாலை ஐந்து மணி கெடு.

அவளே எழுதிய வரிதான். போன மாதம் ஒரு நாள் முழுக்கக் கடை வாசலில் நின்று வண்டி எண்களைக் குறித்தாள். நாற்பத்து நான்கில் நாற்பத்தொன்று வாஷிங்டன் வண்டிகள். ஆனால் பெல்டன் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த கருத்துக்கணிப்பு மற்ற ஊர்களைப் போலவே இருந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கும் அப்படியே. ஊரே ஒன்பது மடங்கு புகைத்தால் அது எங்காவது தெரிய வேண்டாமா? அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி இன்று மறுபடி பெல்டனுக்கு வந்துவிட்டாள்.

கடை வாசலில் இடமில்லாததால் இரண்டு தெரு தள்ளி லூத்தரன் சர்ச்சின் மைதானத்தில் வண்டியை நிறுத்தினாள். இறங்கியதும் ஒரு குரல்.

"டப்பா எங்கே கண்ணு?"

தோட்டக் கையுறையோடு ஒரு வயதான பெண்மணி நின்றிருந்தாள். சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் பெவ்.

"எந்த டப்பா?"

"வார நாள்ல இங்க வண்டி விட்டா அந்தப் பெட்டியில கெடாத சாப்பாடு அடைச்ச டப்பா ஒண்ணு போடணும். இல்லாதவங்களுக்குப் போகும். பீன்ஸ் வேண்டாம். பீன்ஸ் மலையா கெடக்கு."

நவோமி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். மைதானத்தில் பதினான்கு வண்டிகள். பன்னிரண்டில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஐடஹோ மாநில எண்.

"இவங்க எல்லாம் ஜெபத்துக்கா வந்திருக்காங்க?"

பெவ் சிரித்தாள். "புதன்கிழமை மத்தியானம் எவன் ஜெபம் பண்றான்? ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிட்டிகை கஞ்சா வச்சிருந்தாலும் கையில விலங்கு. கடை வாசல்ல வண்டியை விட்டா பாக்குறவன் பாத்துருவான். அதான் இங்க விட்டுட்டு நடந்து போறாங்க."

"நான் ஒரு நாள் பூரா கடை வாசல்ல நின்னு எண்ணினேனே."

"தெரியும். மஞ்சள் கோட்டு. ஊரே பாத்துச்சு. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

 வெட்கம் பிறகு வரட்டும் என்று நவோமி நோட்டைத் திறந்தாள். சர்ச் மைதானத்திலிருந்து தீவனக் கடைக்கு ஓடினாள். அங்கிருந்து நூலகத்துப் பின்புறம். எங்கே பார்த்தாலும் ஐடஹோ. நாலரைக்குள் எழுபது வண்டி, அறுபத்திரண்டு அந்தப் பக்கத்தவை. ஒன்பது மடங்கின் முடிச்சு கண்ணெதிரே அவிழ்ந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க ஓடுகிறவளைப் பார்த்துத் தீவனக் கடைக்காரர், "குதிரை ஏதும் ஓடிப்போச்சா மேடம்?" என்று கேட்டார்.

சர்ச் மைதானத்துக்குத் திரும்பி பெவ்விடம் அறிக்கை விஷயத்தைச் சொன்னாள். மேலதிகாரி ஜெரால்டைப் போனில் பிடிக்கப் போனபோது பெவ் அவள் கையைப் பற்றினாள்.

"எந்த இடம்னு எழுதிடாதே. நாளைக்கே ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ் உட்காந்துரும். வர்றவங்க முக்காவாசி என் வயசுக்காரங்க. மூட்டு வலிக்குத்தான் வாங்குறாங்க."

ஜெரால்ட் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எங்க எண்ணினே?" என்றார்.

"ஊருக்குள்ள."

"ஊருக்குள்ள எங்க? இடம் சொல்லாத எண்ணிக்கையை நான் எப்படி அச்சுல போடுறது?"

நவோமி மைதானத்துப் பக்கம் திரும்பினாள்.   அவள் இடத்தைச் சொன்னால் எண்ணிக்கை நிற்கும். அவள் பெயரும் நிற்கும். மைதானத்தில் ஒரு கிழவர் ஊன்றுகோலோடு தன் வண்டியில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தார்.

"புது எண்ணிக்கை வேண்டாம் ஜெரால்ட். பழசை எடுத்துடுங்க. உள்ளூர்க்காரங்கன்னு எழுதின வரியையும்."

"எடுத்தா ஏன்னு கேப்பாங்க."

"தப்பா ஒரே இடத்துல நின்னு எண்ணிட்டேன்னு அடிக்குறிப்பு போடுங்க. வாங்குறது யாருன்னு இந்த ஆய்வால சொல்ல முடியாதுன்னும் போடுங்க."

"முதல் அறிக்கை. உன் பேரோடவா?"

"என் பேரோடதான்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "ஏத்திட்டேன்," என்றார் ஜெரால்ட். மணி நான்கு ஐம்பத்தெட்டு.

 போனை வைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. பெவ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேலை போச்சா கண்ணு?"

"இன்னும் இல்ல. நாளைக்குக் குழுக் கூட்டம் எத்தனை மணிக்கு? நானே வந்து சொல்றேன், நான் எண்ணினது தப்புன்னு."