பயம் ஏறிய இன்ஜின்

புனேயில் லாரி ஏறியபோது இருநூற்றிருபது கிலோ இருந்த ஜீப் இன்ஜின், கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது முந்நூற்றறுபது கிலோ இருந்தது. இரண்டு ஊர் எடைமேடைகளிலும் கோளாறு இல்லை. வழியில் ஓர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனதாகவும், அந்த அரைமணி நேரத்தில்தான் அது கனத்ததாகவும், பக்கத்தில் இருப்பவர் பயந்தால் கனக்கிற இன்ஜின் அது என்றும் சொல்லிவிட்டு, லாரி டிரைவர் டீகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். அவர் போன ஒரு மணி நேரத்தில் இன்ஜின் பழைய எடைக்கு வந்தது.

பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த மாஹிரா அதை எப்போதும்போலவே கட்டினாள். ஆயிலை வடித்து, துளைகளில் துணி அடைத்து, தடித்த மரச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, மினி லாரியில் குறுக்காகச் சங்கிலி பூட்டினாள். இன்ஜினை வாங்கியவன் மலைமேல் வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் வெங்கடேசன். ஜீப் இரண்டு மாதமாக இன்ஜின் இல்லாமல் நின்றது. அவன் மனைவி பாரதிக்கு எட்டாம் மாதம். போன வருஷமும் இதே ஜீப் பழுதாகி நின்ற ஒரு மழைநாளில், வலி கண்ட அவளைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கிய வழியில்தான் முதல் குழந்தை இறந்தது.

விஷயம் பரவியதால் டிரைவர்கள் யாரும் வர ஒப்பவில்லை. மாஹிராவும் கூட வருவதானால் வருகிறேன் என்று சின்னதுரை மட்டும் வந்தான். மலைப்பாதையில் ஆறு வளைவுகள்வரை ஒன்றும் ஆகவில்லை. ஏழாவதில் மழை சாலையின் ஓரத்தை அரித்துக்கொண்டு போயிருந்தது. சின்னதுரை பள்ளத்தைப் பார்த்தான். பின்னால் மரச்சட்டம் முனகியது. வண்டி மெதுவாகப் பின்னோக்கி நகர்ந்தது. மாஹிரா குதித்துச் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். அறுந்துவிடுமோ என்று அவள் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தபோது டயர்கள் இன்னும் அமுங்கின.

போனில் விவரம் கேட்டு வெங்கடேசன் பஸ்ஸில் வந்து இறங்கினான். அவன் கிட்டே வந்ததும் சட்டத்தில் ஒரு பலகை விரிசல் விட்டது. அவன் பின்னாலேயே பாரதியும் வந்திருந்தாள்.

"டிரைவரண்ணா தவிர எல்லாரும் தள்ளிப் போங்க. நான் ஏறி உக்கார்றேன்" என்றாள்.

"உனக்கு பயமா இல்லியாம்மா?" என்று மாஹிரா கேட்டாள்.

"எம் பயமெல்லாம் போன வருஷமே முடிஞ்சி போச்சிக்கா."

அவள் சின்னதுரைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மற்ற இருவரும் விலகிப் போனதும் டயர்கள் கொஞ்சம் எழும்பின. சின்னதுரையின் முகத்தில் வியர்வை மட்டும் நிற்கவில்லை.

"காலைல இன்னா சாப்ட்டீங்கண்ணா?"

"இட்லி."

"தொட்டுக்க?"

"வேர்க்கல்ல சட்னி."

"காரமாவா?"

சின்னதுரை யோசித்தான். யோசித்துக்கொண்டே கியர் போட்டான். வளைவுக்கு வளைவு அவள் எதையாவது கேட்டுக்கொண்டே வந்தாள். மற்ற இருவரும் வெகு தூரம் பின்னால் நடந்து வந்தார்கள். வெள்ளிமலையில் நான்கு பேர் சேர்ந்து இன்ஜினை இறக்கினார்கள். அந்த வாரமே ஜீப் ஓடியது.

அடுத்த மாதம், விடாமல் பெய்த மழையில், பாரதிக்கு வலி கண்டது. வெங்கடேசன் பல்லைக் கடித்துக்கொண்டு ஜீப்பை இறக்கினான். பாதி வழியில் குழந்தை உதைத்தது. பாரதி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஏங்க, எனக்கு பயமா கீது."

ஒரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அப்போதுதான். ஸ்பிரிங் மடங்குகிற அளவுக்கு ஜீப் அமுங்கியது. பிரேக் தீய்ந்த வாசனை வந்தது. முதல் கியரைவிட்டு மாற்றாமல் அவன் அடிவாரத்துக்கு வந்தபோது, தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. முன்னால் போன பால் வேனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்ப் பாறையில் சாய்த்திருந்தது. காத்திருக்க நேரமில்லை. வெங்கடேசன் தண்ணீரில் இறக்கினான். வெள்ளம் கதவு உயரத்துக்கு வந்து மோதியது. பாரதி கண்ணை இறுக மூடிக்கொண்டு, இந்தக் குழந்தையாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைக்க நினைக்க ஜீப் கனத்தது. தண்ணீரால் அதை ஓர் அங்குலம்கூடத் தள்ள முடியவில்லை. அது ஊர்ந்தே அக்கரை ஏறியது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மாஹிரா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இப்போதெல்லாம் மலை ஏறும்போது பயப்படுகிறவர்களை வெங்கடேசன் பஸ்ஸில் வரச் சொல்லிவிடுகிறான். மழை நாளில் தரைப்பாலம் தாண்ட வேண்டியிருந்தால் அவர்களைத்தான் முதலில் ஏற்றிக்கொள்கிறான்.